ஐம்பது கிலோபைட்டுக்குள் ஒரு முகம்

ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், இரவு எட்டு மணி. எதிர்வீட்டுப் பெண் ஒரு கையில் போனும் மறுகையில் மடிக்கணினியுமாக வந்து நின்றாள். "மாமா, எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். போட்டோ மட்டும் ஏற மாட்டேன் என்கிறது."

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. கோப்பின் அளவு 20 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 50 கிலோபைட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டுமாம். அவள் போனில் எடுத்த படம் 3.8 மெகாபைட். ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் போட்டுக் குறைத்திருக்கிறாள். 14 கிலோபைட் ஆகிவிட்டது. இப்போது குறைவு என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 61, குறைத்துப் பார்த்தால் 18. கடைசியில் 43-இல் வந்து நின்றபோது முகம் பக்கவாட்டில் இழுபட்டு, அவளுடைய பெரியம்மா சாயலுக்கு வந்திருந்தது. அடுத்தது கையெழுத்து: 10 முதல் 20 கிலோபைட். வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து எத்தனை முறை முயன்றாலும் 6 கிலோபைட்டைத் தாண்டவில்லை.

அவள் கணினி தெரியாதவள் அல்லள், பொறியியல் படித்தவள். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரின் கட்டணப் பலகையில் ஜெராக்ஸ், பிரின்ட், லேமினேஷன் ஆகியவற்றுக்குக் கீழே "போட்டோ சைஸ் குறைத்தல்" என்று தனியாக ஒரு வரி உண்டு. ஒரு சிக்கலுக்குக் கட்டணப் பலகையில் இடம் கிடைத்துவிட்டதென்றால், அது தனியாள் ஒருவரின் தவறாக இருக்க வாய்ப்பில்லை.

என் பார்வையில் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. "அளவு" என்கிறோம், "சைஸ்" என்கிறோம். ஒரு படத்தைப் பொறுத்தவரை இந்த ஒரு சொல் மூன்று வெவ்வேறு சங்கதிகளைக் குறிக்கிறது. படம் குறுக்கே எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, நெடுக்கே எத்தனை பிக்சல் என்பது ஒன்று. அந்தக் கோப்பு வட்டில் எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்பது இன்னொன்று. தாளிலோ திரையிலோ எத்தனை சென்டிமீட்டருக்கு விரிகிறது என்பது மூன்றாவது. புடவைக்கும் நீளம், எடை, விலை என்று மூன்று உண்டு. மூன்றையும் "அளவு" என்று யாரும் சொல்வதில்லை. படத்துக்கு மட்டும் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் முதலாவதை நீள அகலம் என்றும், இரண்டாவதை எடை என்றும் சொல்கிறேன். "சுருக்குதல்" என்ற சொல்லிலும் இதே தொல்லை இருப்பதால், பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதைச் சிறிதாக்குதல் என்றும், பிக்சல்களை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் குறைப்பதைச் சுருக்குதல் என்றும் பிரித்துக்கொள்வோம்.

போன் கேமராக்களில் பரவலாக இருக்கும் 12 மெகாபிக்சல் படத்தை எடுத்துக்கொள்ளலாம். குறுக்கே 4032, நெடுக்கே 3024. பெருக்கினால் ஒரு கோடியே 21 லட்சத்து 92 ஆயிரத்து 768 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண்ணுக்கு ஒரு பைட். ஆக, படத்தின் உண்மையான எடை மூன்றரைக் கோடி பைட்டுக்கும் மேல், அதாவது சுமார் 36.6 மெகாபைட். போனில் இருப்பதோ 3.8 மெகாபைட். பத்தில் ஒன்பது பங்கு எங்கே போயிற்று? அந்தப் பெண் படத்தைத் தொடுவதற்கு முன்பே போன் அதைச் சுருக்கிவிட்டது. அந்த வேலையைச் செய்வதுதான் ஜேபெக்.

ஜேபெக் 1992-இல் தரநிலையானது. அதன் இதயத்தில் இருக்கும் கணக்கு அதைவிட இருபது ஆண்டு மூத்தது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-இல் இதை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். நிதி இல்லாமலேயே வேலையைத் தொடர்ந்து, தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாஸில் இருந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் மூன்றே பேர் பெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொசைன் உருமாற்றம் என்ற அந்தக் கணக்கு இன்று உங்கள் போனில் ஒவ்வொரு முறை ஜேபெக் படம் எடுக்கும்போதும் ஓடுகிறது.

அது என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது பயனுள்ளது. பிற்பாடு வரும் குழப்பங்களுக்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது.

முதல் வேலை, நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரிப்பது. நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு துல்லியமாகத் தெரியும். நிற வேறுபாட்டில் அது கொஞ்சம் மந்தம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவரை உடனே அடையாளம் காண்கிறோம். நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச்சத்தை எடுத்துவிட்டால் ஆளே தெரியாது. அதனால் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று மட்டும் வைக்கிறார்கள். இந்த ஒரு காரியத்திலேயே எடை பாதியாகிவிடும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அடுத்து, படம் எட்டுக்கு எட்டு என்று சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு கட்டத்தில் 64 எண்கள். கன்னத்தில் விழும் ஒரு கட்டம் என்றால் 64 எண்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அகமதுவின் கணக்கு இந்த 64 எண்களை வேறு 64 எண்களாக மாற்றுகிறது: முதலாவது அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம், அடுத்தடுத்தவை மெல்ல மாறும் சாயல்கள், கடைசியில் இருப்பவை மிக நுணுக்கமான ஏற்ற இறக்கங்கள். இதுவரை எதுவும் தொலையவில்லை. ஒரே பொருளை வேறு மாதிரி அடுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

தொலைப்பது இதற்குப் பிறகு. ஓர் அட்டவணை இருக்கிறது. தரநிலையில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. உருமாறிய ஒவ்வோர் எண்ணையும் அட்டவணையில் அதே இடத்தில் இருக்கும் எண்ணால் வகுத்து முழு எண்ணாக்க வேண்டும். சராசரி வெளிச்சம் 800 என்றால் 16-ஆல் வகுபட்டு 50 என்று பிழைத்துக்கொள்ளும். நுணுக்கமான ஏற்ற இறக்கம் 40 என்றால் 99-ஆல் வகுபட்டு 0.4 ஆகி, முழு எண்ணாக்கும்போது சுழியமாகிவிடும். கன்னத்துக் கட்டத்தில் 64-இல் ஐம்பதுக்கு மேல் சுழியமாகிவிடலாம். "இதற்கு மேல் எல்லாம் சுழியம்" என்று ஒரே குறியீட்டில் சொல்லிவிட முடியும் என்பதால் எடை சடசடவென்று இறங்குகிறது. சேமிக்கும்போது மென்பொருள் கேட்கும் "தரம் 80" என்பது இந்த அட்டவணையின் எண்களைப் பெருக்குவதோ குறைப்பதோதான். அது நூற்றுக்கு எண்பது அல்ல. ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80-உம் அல்ல.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. ஒன்று, படத்தின் எடை அதன் நீள அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல. அதில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. வெள்ளைச் சுவர் முன் நிற்கும் முகம் லேசு. வேப்பமரம் முன் நிற்கும் அதே முகம் கனம். இலை ஒவ்வொன்றும் நுணுக்கமான ஏற்ற இறக்கம், எதுவும் சுழியமாக மறுக்கும். இரண்டாவது, ஒருமுறை சுழியமானது திரும்பாது. சேமித்த ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் மறுபடி வகுத்தல், மறுபடி இழப்பு. அந்தப் பெண் ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கிய படத்தில் தாடையோரம் சிறு சிறு சதுரங்கள் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. எப்போதும் மூலப்படத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல.

கையெழுத்துக்கும் எழுத்து அச்சான தாளுக்கும் ஜேபெக் அவ்வளவாக ஒத்துவராது. கூர்மையான கறுப்புக் கோடு நுணுக்க எண்களால் ஆனது. அவற்றைச் சுழியமாக்கினால் கோட்டைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகள் மொய்க்கும். பொறியாளர்கள் அதற்குக் கொசு இரைச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கோட்டுப் படத்துக்கு ஏற்றது எதையும் தொலைக்காத பிஎன்ஜி என்ற இன்னொரு பட வடிவம். ஆனால் விண்ணப்பங்கள் கையெழுத்தையும் ஜேபெக்கில்தான் கேட்கும்.

இப்போது விண்ணப்பத்தின் எண்களுக்கு வரலாம். பொதுவில் கிடைக்கும் ஒரு விதியை எடுத்துக்கொள்கிறேன். வங்கிப் பணியாளர் தேர்வை நடத்தும் ஐபிபிஎஸ் தன் அறிவிப்புகளில், புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கிலோபைட் என்றும், கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கிலோபைட் என்றும் சொல்லிவந்திருக்கிறது. பிக்சல் கணக்குக்கு "விரும்பத்தக்கது" என்று ஓர் அடைமொழி உண்டு, எடைக்கு இல்லை. இதே மாதிரியான எண்களை நாட்டின் பல தேர்வு விண்ணப்பங்களில் பார்க்கலாம்.

பெருக்கிப் பாருங்கள். 200க்கு 230 என்றால் 46,000 புள்ளிகள், சுருக்காத எடை 1,38,000 பைட். சாதாரணத் தரத்தில் ஜேபெக் ஒரு முகப்படத்தைப் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் கொண்டுவந்துவிடும். அதாவது 14 கிலோபைட் அல்லது அதற்கும் குறைவு. குறைந்தபட்சமோ 20. சொன்ன நீள அகலத்தில், வழக்கமான தரத்தில் ஒழுங்காகச் சேமித்தவருடைய படம் "குறைவு" என்று திரும்பி வருகிறது!

கையெழுத்தில் இது இன்னும் வேடிக்கை. 140க்கு 60 என்றால் 8,400 புள்ளிகள். சுருக்கவே சுருக்காமல் அப்படியே வைத்தாலும் 25,200 பைட்தான். அதில் 10 கிலோபைட்டாவது இருக்க வேண்டும் என்றால், வெற்று வெள்ளைத் தாளில் இரண்டு வளைகோடுகள் கொண்ட ஒரு படத்தை இரண்டரை மடங்குக்கு மேல் சுருக்கக் கூடாது என்று பொருள். வெள்ளைப் பரப்பைச் சுழியமாக்குவதற்காகவே பிறந்த ஒரு முறையிடம் போய், சுழியமாக்காதே என்கிறோம். "விரும்பத்தக்கது" என்ற அடைமொழியைப் பிடித்துக்கொண்டு பிக்சல்களைக் கூட்டிக்கொள்வதுதான் நடைமுறையில் வழி.

அச்சுப் படத்தைப் பற்றிய வரியிலும் ஒரு சிறு முரண் உண்டு. ஒட்டும் புகைப்படம் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர், ஸ்கேனரை 200 டிபிஐ அளவில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளியாக, வையுங்கள் என்பார்கள். அப்படி ஸ்கேன் செய்தால் 276க்கு 354 பிக்சல் வரும். அந்த விகிதத்தில் அகலத்தை 200 ஆக்கினால் உயரம் 257, கேட்பதோ 230. மேலேயோ கீழேயோ 27 வரிசைகளை வெட்டியாக வேண்டும். வெட்டத் தெரியாதவர், நீள அகல விகிதத்தைக் காக்கும் குறியை எடுத்துவிட்டு இரண்டு பெட்டிகளிலும் எண்ணைத் தட்டிவிடுவார். முகம் அகலும். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெரியம்மா சாயல் வந்தது அப்படித்தான்.

டிபிஐ என்பது ஸ்கேனர் காலத்து மிச்சம். ஓர் அங்குலத் தாளை எத்தனை புள்ளிகளாகப் படிப்பது என்பது ஸ்கேனருக்கு உயிரான கேள்வி. போன் கேமராவுக்கு முன்னால் தாளும் இல்லை, அங்குலமும் இல்லை. கோப்புக்குள் எழுதியிருக்கும் டிபிஐ எண்ணை 72-லிருந்து 300 ஆக மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. உலாவி அந்த எண்ணைத் திரும்பியும் பார்க்காது. அதை மாற்றித் தருவதற்கென்றே இணையதளங்கள் இருப்பதும், அவற்றை நம்பி ஆட்கள் போவதும் எனக்கு ஆச்சரியமான விஷயம்.

எடைக்கு உச்சவரம்பு வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. பத்து லட்சம் பேர் தலைக்கு 4 மெகாபைட் அனுப்பினால் 4,000 கிகாபைட். 50 கிலோபைட் என்றால் 50 கிகாபைட்டில் முடிந்துவிடும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் குவிவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வரம்புதான் எனக்கு உறுத்துகிறது. முகம் தெளிவாகத் தெரியாத தபால்தலை அளவுப் படங்களைத் தடுப்பது அதன் நோக்கமாக இருக்க வேண்டும். தெளிவு வேண்டுமென்றால் பிக்சலைக் கேட்க வேண்டும். எடையைக் கேட்பது, தேங்காய் முற்றியதா என்று தெரிந்துகொள்ளத் தராசில் வைப்பது மாதிரி.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கான படம் சதுரம். 600க்கு 600 முதல் 1200க்கு 1200 பிக்சல் வரை. 240 கிலோபைட்டுக்கு மிகக் கூடாது. இருபதுக்கு ஒன்று என்பதற்கு மேல் சுருக்கியிருக்கக் கூடாது. 1200 சதுரத்தின் சுருக்காத எடை 43.2 லட்சம் பைட். 240 கிலோபைட் அதில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. எண்கள் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன. யாரோ உட்கார்ந்து பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

சிறிதாக்கும் வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டுதான். 4032 பிக்சலை 400 ஆக்கும்போது பத்துக்குப் பத்து புள்ளிகளின் சாரத்தை ஒரே புள்ளியில் இறக்க வேண்டும். நல்ல மென்பொருள் சுற்றியுள்ள புள்ளிகளையெல்லாம் கலந்து சராசரி எடுக்கும். அவசரக்கார மென்பொருள் பத்தில் ஒன்றைப் பொறுக்கிவிட்டு மீதியைத் தள்ளிவிடும். வெற்றுச் சுவரில் இந்த வித்தியாசம் தெரியாது. பட்டுப்புடவைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: சன்னமான கட்டமோ சரிகைக் கோடோ உள்ள புடவையின் படத்தை இப்படிச் சிறிதாக்கினால், துணியில் இல்லாத அலைகள் படத்தில் நெளியும். வாடிக்கையாளர் அதை நெசவுக் குறை என்று நினைப்பார். சரியான முறையில் சிறிதாக்கிய படமும் சற்று மழுங்கும். அதற்குப் பிறகு லேசாகக் கூர்மை ஏற்றிக்கொள்ளலாம். பெரிதாக்குவது வேறு கதை. இல்லாத புள்ளியை எந்தக் கணக்கும் கொண்டுவந்து தர முடியாது. இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் புருவத்தின் மயிரிழைகளைத் தாமே வரைந்து நிரப்பும். விளம்பரத்துக்குச் சரி, ஆளை அடையாளம் காட்ட வேண்டிய படத்தில் அப்படி வரைந்த மயிர் வேண்டாம்.

வரிசையும் முக்கியம்: முதலில் நிமிர்த்துவது, பிறகு வெட்டுவது, பிறகு சிறிதாக்குவது, கடைசியில் ஒரே ஒருமுறை சுருக்கிச் சேமிப்பது. படத்தைப் போனிலிருந்து கணினிக்குக் கொண்டுவரும் வழியிலும் விழிப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சிறிதாக்கிச் சுருக்கித்தான் கொடுக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் மூலம் அப்படியே வரும்.

நிமிர்த்துவது என்றேனே, அதற்கு ஒரு பின்னணி உண்டு. போனை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்துப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் ஒரே வாக்கில்தான் படிக்கிறது. "பார்ப்பவர் இதைத் தொண்ணூறு பாகை வலப்பக்கம் திருப்பிக்கொள்க" என்ற குறிப்பை, எக்ஸிஃப் என்ற இணைப்பில், 6 என்ற ஒற்றை எண்ணாகப் போன் எழுதிவைக்கும். போனின் கேலரி அதைப் படித்து நிமிர்த்திக் காட்டுகிறது. சர்வரில் படத்தைச் சிறிதாக்கும் நிரல் அந்தக் குறிப்பைப் படிக்காமல் தூக்கி எறிந்துவிட்டால், திரையில் நிமிர்ந்து நின்ற ஆள் ஹால் டிக்கெட்டில் படுத்துவிடுவார். அதே எக்ஸிஃபில்தான் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும், போனில் அந்த வசதியை அணைத்துவைக்காவிட்டால். வீட்டில் எடுத்த படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றுகிறவர் வாசல் வரைக்கும் வழி சொல்லிவிடுகிறார்.

ஏற்றுவது என்பது என்ன? இணையத்தின் தொடக்கத்தில் படிவங்களில் எழுத்தை மட்டுமே தட்டி அனுப்ப முடியும். கோப்பையும் சேர்த்து அனுப்பும் முறையை 1995 நவம்பரில் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் ஆவணமாக எழுதினார்கள். இன்று வரை அடிப்படையில் அதுவேதான். உலாவி உங்கள் பெயர், பிறந்த தேதி, படம் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கோடு போட்டு அனுப்புகிறது. மறுமுனையில் பல வாசல்காரர்கள் நிற்கிறார்கள். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், யாரும் மாற்றியமைக்காதவரை, 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பொட்டலத்தை 413 என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும். அதைத் தாண்டினால், பல இணையதளங்களின் நிரல் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்ற மொழி நிற்கிறது: கோப்பு ஒன்றுக்கு 2 மெகாபைட், மொத்தப் பொட்டலத்துக்கு 8 மெகாபைட் என்பது அதன் இயல்பு வரம்பு. மொத்தம் மிஞ்சினால் பிஎச்பி படத்தோடு சேர்த்து நீங்கள் தட்டிய எழுத்துகளையும் காலியாக்கித்தான் நிரலுக்குக் கொடுக்கும். அரை மணி நேரம் நிரப்பிய படிவம் "பெயரை உள்ளிடவும்" என்று வெறுமையாகத் திரும்பி வந்து உங்களைத் திகைக்கவைத்திருந்தால், பெரும்பாலும் காரணம் படத்தின் கனம்தான்.

கோப்பின் பெயர் முடிவில் .jpg, .png என்று இருக்கும் வாலைக் கவனமான சர்வர் நம்பாது. ஜேபெக் கோப்பின் முதல் பைட்டுகள் பதினாறடிமான முறையில் எஃப்எஃப், டி8 என்று தொடங்கும்; பிஎன்ஜிக்கு வேறு தொடக்கம். ஐபோன்கள் 2017 முதல் எச்இஐசி என்ற வடிவத்தில் படமெடுக்கின்றன. அதன் பெயரை மட்டும் மாற்றி ஜேபெக் வாலை ஒட்டினால், நரிக்குக் காவி கட்டியது போலத்தான். முதல் இரண்டு பைட்டில் பிடிபட்டுவிடும். மாற்றுவதென்றால் ஒரு மென்பொருளில் திறந்து ஜேபெக்காகச் சேமிக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கும் நம் ஆசைக்கும் ஒரு வார்த்தை. "படம்" என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், ப, ட, ம, புள்ளி என்று நான்கு குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட். இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்றெழுத்தாகும். மூன்றெழுத்துச் சொல் 36 எழுத்தாக நீண்டுவிடும். நல்ல சர்வர் இதைச் சமாளிக்கும். பழைய விண்ணப்ப நிரல் "தவறான கோப்பு" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று சொல்லாது.

இதுவரை ஏற்றுகிறவரின் பாடு. இணையதளம் நடத்துகிறவர் செய்கிற தவறு இதற்கு நேர் எதிரானது: யாரும் எதையும் குறைப்பதில்லை. கோயில் திருவிழாப் படத்தை 4032 பிக்சலிலேயே ஏற்றிவிட்டு, பக்கத்தில் சிறியதாகக் காட்டு என்று மட்டும் எழுதிவிடுவார்கள். பார்ப்பவருக்குத் தெரிவது சின்னப் படம். இறங்குவது 4 மெகாபைட். ஒரு போனின் திரையை எடுத்துக்கொண்டால், பக்கத்தின் கணக்கில் 360 அலகு அகலம். மெய்யான பிக்சல் அதைப்போல் மூன்று மடங்கு என்றாலும் 1080 போதும். 1080க்கு 810 என்பது மூலப்படத்துப் பிக்சல்களில் பதினான்கில் ஒரு பங்கு. மீதிப் பதின்மூன்று பங்கும் வாசகரின் டேட்டாவில் வீணாக எரிகிறது. இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2019 முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானே சிறிதாக்கிக்கொள்கிறது. பல நீள அகலங்களில் நகல் எடுத்துவைத்து, திரைக்கு ஏற்றதை உலாவியே தேர்ந்துகொள்ளும்படியும் செய்கிறது. கையால் எழுதும் பக்கங்களிலும் இதைச் செய்யலாம். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் எழுதிவைத்தால், படம் இறங்குவதற்கு முன்பே உலாவி இடம் ஒதுக்கிவிடும். படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி, பிறகு வந்த ஏவிஐஎஃப் போன்ற பட வடிவங்கள் அதே படத்தை இன்னும் லேசாக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வேர்ட்பிரஸில் ஒரு சமையல் குறிப்புக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் இந்த வசதியை, லட்சக்கணக்கானவர்களிடம் கட்டணம் வாங்கும் விண்ணப்பத் தளங்கள் ஏன் தருவதில்லை? படத்தை வாங்கி, வெட்டக் கட்டம் காட்டி, சிறிதாக்கி, சுருக்கிக்கொள்வதை உலாவியே சர்வருக்குப் போகும் முன் செய்துவிடும். ஆண்டுகள் பல கடந்த தொழில்நுட்பம்தான். சில தளங்கள் இப்போது செய்யவும் செய்கின்றன. செய்யாதவற்றின் வேலை விண்ணப்பதாரர் தலையில் விழுகிறது. அவர் என்ன செய்கிறார்? தேடுபொறியில் "50 கேபி" என்று தட்டி, முதலில் வரும் முகம் தெரியாத தளத்தில் தன் புகைப்படத்தையும் கையெழுத்தையும், சில தேர்வுகளுக்கு இடது பெருவிரல் ரேகையையும் ஏற்றுகிறார். வங்கிக் காசோலையில் போடும் அதே கையெழுத்து. அந்தத் தளம் அதை எங்கே வைத்திருக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் இன்று கடைசி நாள்.

வீட்டுக் கணினியிலேயே முடித்துக்கொள்ள முடியும். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் பிக்சல் எண்ணைக் கேட்டுச் சிறிதாக்கித் தரும். தரத்தை மாற்றும் வசதி அதில் இல்லை என்பதால் எடையைப் பிக்சல் கூட்டிக் குறைத்தே சரிசெய்ய வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் தரத்தை நகர்த்த நகர்த்த எடை என்ன ஆகும் என்று சேமிப்பதற்கு முன்பே பார்க்கலாம். கூகுளின் ஸ்குவூஷ் உலாவியில் ஓடினாலும் படத்தை எங்கும் அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே வேலையை முடிக்கிறது.

அன்றிரவு கிம்ப்பைத் திறந்து, மூலப்படத்திலிருந்து தொடங்கி, வெட்டி, 400க்கு 460 ஆக்கி, தரத்தை நகர்த்தி 38 கிலோபைட்டில் நிறுத்தினோம். முகம் அவளுடைய முகமாகத் திரும்பி வந்தது. கையெழுத்து மட்டும் அசையவில்லை. தரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோயும் 9.4. வெள்ளைத் தாளில் சுழியமாக்க அவ்வளவு இருந்தது.

"தாளை மாற்று" என்றேன். சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மட்டமான தாள், நார் நாராகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் படமெடுத்தபோது தாளின் சொரசொரப்பும் கேமராவின் புள்ளித் தூசியும் சேர்ந்துகொண்டன. எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒவ்வொன்றிலும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்கள், சுழியமாக மறுப்பவை. அதே நீள அகலத்தில் 12 கிலோபைட். முதலாவதைவிட எல்லா விதத்திலும் மோசமான படம். பதினொன்று இருபதுக்குப் படிவம் அதை ஏற்றுக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கையெழுத்துக்குப் பின்னால், உற்றுப் பார்த்தால், அன்றைய ராகுகாலம் தலைகீழாக மங்கித் தெரிகிறது.